உப்புக்காற்றுக் கேள்வி

பரீட்சையில் பேசாமல் இருந்து தோற்றவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டிலக்ஷி பேசித் தோற்றவள்.

பாமசி என்கிற மருந்தாக்கியல் துறையில் பிஎச்.டி. செய்கிறவர்கள் நடுவழியில் வைவா என்கிற ஒரு வாய்மொழிப் பரீட்சைக்குள் போய் வெளியே வரவேண்டும். ஆய்வைப் பற்றி மட்டுமல்ல, பாமசியில் எதைப் பற்றியும் கேட்பார்கள். அந்த மார்ச் மாதம் மூன்று பரீட்சகர்களுக்கு முன்னால் ஒன்றரை மணித்தியாலம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசிவிட்டு வந்த டிலக்ஷிக்கு, தனக்குத் தானே கைதட்டலாம் போலிருந்தது. பத்தாம் நாள் கடிதம் வந்தது. "பதில்கள் விரிவானவை. ஆனால் பல, கேட்ட கேள்விகளுக்கு உரியவை அல்ல." ஒக்டோபரில் இன்னொரு தடவை வரலாம், அதிலும் தவறினால் பதிவு எம்.பில். ஆகக் குறைக்கப்படும் என்று மிகப் பணிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

நாலு வருடம் மாடாய் உழைத்திருந்தாள். எம்.பில். என்றால் என்னவென்று அவள் வாழும் கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகப் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "அப்ப டொக்டர் ஆகல்லையா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள், ஆனாலும் வீடு முழுக்கக் கேட்டது.

அவளுடைய மேற்பார்வையாளர் பேராசிரியர் தாரிகா, சுற்றிவளைக்கத் தெரியாத சிங்களப் பெண்மணி. டிலக்ஷியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீரும் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "உனக்கு நூற்றில் எண்பது தெரியும். நீ அன்றைக்குப் பேசியது முழுக்க மிச்ச இருபதைப் பற்றி."

இந்த வியாதி எங்கே தொற்றியது என்று டிலக்ஷிக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையில், நாகேந்திரத்தின் பாமசியில்.

ஏழு வருடமாக அங்கே பின்னேரங்களில் மருந்து கொடுக்கிறாள். நாகேந்திரம் நல்ல மனிதர், நெற்றியில் விபூதியும் சட்டைப்பையில் மூன்று பேனாவுமாக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவருடைய கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். "பிள்ளை, இந்தக் கடையில 'இல்லை' எண்ட சொல்லு இல்லை." கேட்ட கொம்பனியின் குளிசை இல்லாவிட்டால், அதே மாத்திரை வேறு கொம்பனியில் இருக்கும். கை பின்னால் இருக்கும் றாக்கைக்குப் போய் அதை எடுத்து மேசையில் வைத்துவிட வேண்டும். "அதே மருந்துதான் அக்கா, கொம்பனிதான் வேற" என்று வாய் சொல்லிவிட வேண்டும். வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கக் கூடாது. மருந்தைப் பொறுத்தவரை இதில் பெரிய பிழையில்லை. டிலக்ஷி அதை வைவாவிலும் செய்தாள் என்பதுதான் வில்லங்கம். கேட்ட பதில் கையிருப்பில் இல்லாதபோதெல்லாம் பக்கத்துப் பதிலை எடுத்து, சிரித்த முகத்தோடு நீட்டிவிட்டாள்.

பெரும்பாலானவற்றில் கையும் களவுமாகப் பிடிபட்டாள். ஒன்றே ஒன்றில் மட்டும் தப்பினாள்.

அவளுடைய ஆய்வே கடதாசிக் கவர்களைப் பற்றியது. நம்மூர் ஆஸ்பத்திரிகளிலும் பாமசிகளிலும் பெரிய டப்பாவிலிருந்து குளிசைகளை எண்ணி, சின்னக் கடதாசிக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அந்தக் குளிசை எத்தனை நாள் குளிசையாக இருக்கும்? இதுதான் அவள் தேடியது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் பேராசிரியர் கிருஷ்ணராஜ், மருந்தியல்காரர், கடைசியாக மெல்லக் கேட்டார்: "ஈரம் சரி. வெள்ளவத்தை மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்றும் அடிக்கிறதே. அதனால் ஏதும் ஆகாதா?"

டிலக்ஷி அதை ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் எதிரே ஒருவர் காத்திருக்கிறார், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வாய் தானாகத் திறந்தது. பிரேசிலில் ஒரு ஆய்வு இருக்கிறது, ஆறு மாதம் வரைக்கும் மாற்றமில்லை, உப்பைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்று அழகாகச் சொல்லி முடித்தாள். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அந்த ஆய்வு இருந்தது உண்மைதான், ஆனால் அது நடந்த ஊருக்குப் பக்கத்தில் கடலே கிடையாது. யாரும் கண்டுபிடிக்காத அந்தப் பதிலை நினைக்கும்போது அவளுக்கு, சொல்லவே வெட்கம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒக்டோபருக்கான வைத்தியத்தைப் பொறுப்பெடுத்தவன் அவளுடைய கணவன் பிறெடி. துறைமுகத்தில் டாலி கிளார்க். இறங்குகிற கொள்கலன்களின் இலக்கத்தையும் பூட்டில் இருக்கும் சீல் முத்திரையையும் பார்த்துத் தாளில் பதிவதுதான் வேலை. மருந்து என்றால் அவனுக்குப் பனடோல்தான் தெரியும்.

"எங்கட இடத்துல சீல் கண்ணுல படல்லன்னா 'காணவில்லை'ன்னு எழுதணும்," என்றான். "பாக்காத சீல் இருக்குன்னு எழுதினா அன்னைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நீ என்னடான்னா மொத்தக் கப்பலையும் பாக்காமலே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கிறே."

ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டு மேசையில், அவள் எழுதி வைத்த அட்டைகளை எடுத்து, ஆங்கிலச் சொற்களைக் கொலை செய்தபடி கேள்வி கேட்பான். அவள் பதிலின் தலையும் காலும் அவனுக்குப் புரியாது. ஆனால் மூன்றாம் நாளே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். தெரிந்த பதில் என்றால் டிலக்ஷியின் கைகள் மேசையில் சும்மா கிடக்கும். தெரியாத பதில் என்றால் வலது கை மெல்ல எழும்பி, தோளுக்குப் பின்னால் போகும், பாமசி றாக்கையிலிருந்து எதையோ எடுப்பதுபோல.

கை எழும்பினால் பிறெடி கரண்டியால் பீங்கானில் ஒரு தட்டுத் தட்டுவான். முதல் கிழமை சத்தம் தாங்காமல் மேல்வீட்டு பேர்ணடெற் அன்ரி இறங்கி வந்து, ஏதும் பூசை நடக்கிறதா என்று விசாரித்தார்.

"தெரியாதுன்னு சொல்லேன், வாய் வலிக்குமா?"

"சொல்லத்தான் பாக்குறேன் பிறெடி. தொண்டைக்கு வருது, வெளியில வருதில்லயே."

உண்மையாகவே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை, வீட்டில் எல்லோருக்கும் மருந்துக் குறிப்பு வாசித்துச் சொல்கிறவள், அந்தச் சொல்லைக் கடைசியாக எப்போது சொன்னாள் என்பதே நினைவில்லை. ஆகவே பிறெடி பயிற்சியைச் சமையலறைக்கும் விரித்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, எதைக் கேட்டாலும்.

"மீனுக்கு உப்புப் போட்டியா?"

"தெரியாது."

"என் நீலச் சேர்ட் எங்க?"

"தெரியாது."

"அது எப்பவுமே உனக்குத் தெரியாதுதான். அதைக் கணக்குல எடுக்க ஏலாது."

ஓகஸ்ட் முடிவதற்குள் கரண்டிச் சத்தம் நாளுக்கு நாலைந்தாகக் குறைந்தது. வீட்டில் வந்த சொல் கடையிலும் மெல்ல எட்டிப் பார்த்தது. "அந்தக் கொம்பனி இல்லை அங்கிள்" என்று மருந்து வாங்க வந்த ஒருவரிடம் அவள் முதல் தடவை சொன்னபோது நாகேந்திரம் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "என்ன பிள்ளை, சுகமில்லையே?" என்று கேட்டார்.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் யோகேஸ்வரி என்ற பெண்மணி கடைக்கு வந்தார். தங்கையின் மகளான பெறாமகளின் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்தவர், பயணத்தை இரண்டு கிழமை, பதினாலு நாள், நீட்டிவிட்டார், குளிசைக்கு அந்த விபரம் தெரியவில்லை. கிழமை நாட்கள் எழுதிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த உருண்டையான ரோஸ் நிறக் குளிசையைக் காட்டினார்.

"இது மூண்டு நாளைக்குத்தான் கிடக்கு தங்கச்சி. ரெண்டு கிழமைக்குத் தாங்கோ."

"பேர் என்ன அன்ரி?"

"பேர் ஆருக்குத் தெரியும். நேர்ஸ் பிள்ளை அடுக்கித் தாறவ, நான் போடுறன். பெட்டி லண்டனில கிடக்கு."

நாகேந்திரம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது பிறஷர்க் குளிசை. இஞ்ச வாறதும் இதே ரோஸ்தான். பிள்ளை, அந்த ரெண்டாம் தட்டில கிடக்கு, எடும்."

டிலக்ஷிக்கும் அப்படித்தான் பட்டது. அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு. "ஓம் அன்ரி, அதே மருந்துதான்" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் தன் வலது கையைப் பார்த்தாள். அது தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எங்கிருந்தோ கரண்டிச் சத்தம் கேட்டதுபோல இருந்தது.

கையை இறக்கினாள். "எனக்குத் தெரியாது அன்ரி. பேர் தெரியாம தர ஏலாது. லண்டனில யாரையும் கேட்டுப் பெட்டியைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுங்கோ."

யோகேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. படிச்ச பிள்ளை எண்டினம், ஒரு குளிசையைப் பார்த்துச் சொல்லத் தெரியாதோ என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, காலி வீதியில் விறுக்கென்று நடந்தார். நாகேந்திரம் எழும்பிப் போய் அந்த ரெண்டாம் தட்டைத் தானே அடுக்கத் தொடங்கினார். அதுதான் அதிகம் சுட்டது.

மறுநாள் யோகேஸ்வரி தொலைபேசியை நீட்டியபடி வந்தார். மகன் படம் அனுப்பியிருந்தான். டிலக்ஷி வாசித்தாள். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் மருந்து. போன வருடம் இதயத்தில் வால்வு மாற்றினது என்று யோகேஸ்வரி சர்வசாதாரணமாகச் சொன்னார். அதை நிறுத்திவிட்டு ரோஸ் நிறம் என்பதற்காக இரண்டு கிழமை பிறஷர்க் குளிசையை விழுங்கியிருந்தால், வால்வில் இரத்தம் கட்டி என்ன நடந்திருக்கும் என்பது டிலக்ஷிக்கு மிக நன்றாகத் தெரியும், அது அவளுடைய எண்பதுக்குள் இருந்தது. பிழையான குளிசையை நாகேந்திரம் கொடுத்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. நான் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைத்தாள். போன வருடம் என்றால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள்.

யோகேஸ்வரியை ஒரு இதய வைத்தியரிடம் அனுப்பிவிட்டுத் திரும்பினால், நாகேந்திரம் ஸ்ரூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். போத்தலை மூடிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, அந்தச் சொல்லு இனிக் கடையில இருக்கட்டும்."

ஒக்டோபர் வந்தது. வைவா ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு. பிறெடி லீவு போட்டுவிட்டு, ஆட்டோவைக் கொச்சிக்கடையில் நிறுத்தச் சொல்லி அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினான். தொலைந்ததை எடுத்துத் தரச்சொல்லித்தான் எல்லோரும் அந்தோனியாரிடம் கேட்பார்கள். டிலக்ஷி, இல்லாத எதையும் தயவுசெய்து எடுத்துத் தந்துவிடாதேயும் என்று கேட்டுக்கொண்டாள்.

அதே அறை, அதே மூன்று பேர். மூலையில் தாரிகா, வாய் திறக்க அனுமதியில்லாத பார்வையாளராக. பரீட்சை ஆங்கிலத்தில்தான் நடந்தது, நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

"தயாரா, தொடங்கலாமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாது," என்றாள் டிலக்ஷி.

பழக்க தோஷம். தாரிகா கண்ணை மூடிக்கொண்டார். "மன்னிக்கவேண்டும், அது தெரியும், தொடங்கலாம்" என்று டிலக்ஷி தடுமாறினாள். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட, அதன் பிறகு அறை கொஞ்சம் இளகியது.

கேள்விகள் வரத் தொடங்கின. தெரிந்தவற்றை இரண்டு வரியில் சொன்னாள். இரண்டாவது பரீட்சகரான அம்மையார் ஊசிமருந்துகளைப் பற்றிக் குடைந்தபோது, இரண்டு இடத்தில் "தெரியாது, ஆனால் எங்கே தேடுவேன் என்று சொல்ல முடியும்" என்றாள். அம்மையார் தேடச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். வானம் இடிந்து விழவில்லை. டிலக்ஷிக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் கிருஷ்ணராஜின் முறை. பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உப்புக்காற்று. அதைப் போன தடவை நன்றாக விளக்கினீர்கள். அதை விட்டுவிடலாம். அடுத்தது..."

விட்டுவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டார். இன்னும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்தது. பொய் சொல்லவும் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். நாலு வருடமும், குளியலறை அழுகையும், பிறெடியின் கரண்டியும் வரிசையாக வந்து நின்று, சும்மா இரு என்றன. ஆனால் கூடவே அந்த ரோஸ் நிறக் குளிசையும் வந்து நின்றது. அன்றைக்கு அவள் கொடுத்த பதிலும் அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு.

"சேர், அதை விடவேண்டாம். நான் சொன்னது சரியில்லை."

கிருஷ்ணராஜ் தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் பிரேசில் ஆய்வு கடலில்லாத ஊரில் நடந்தது. அதில் உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை, பக்கத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உப்புக்காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது."

இரண்டாவது பரீட்சகர் எழுதுவதை நிறுத்தினார். முன்பெல்லாம் இப்படி ஒரு அமைதி வந்தால் அதை நிரப்பாமல் அவளால் இருக்க முடியாது. வலது கை எழும்பப் பார்த்தது. இடது கையால் அதை மேசையோடு பிடித்துக்கொண்டாள். தலைவரின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"இது சின்ன விஷயமில்லை," என்றார் தலைவர்.

"தெரியும் சேர்."

கிருஷ்ணராஜ் குறிப்புப் புத்தகத்தை மூடினார். "தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?"

இதற்கு அவளிடம் சரக்கு இருந்தது. ஒரே டப்பாவின் குளிசைகளை ஒரேமாதிரிக் கவர்களில் போட்டு, பாதியை வெள்ளவத்தைக் கடலோர வீடுகளிலும் பாதியைக் கடலுக்குத் தூரமான களனி வீடுகளிலும் வைப்பேன் என்றாள். இரண்டு இடத்து ஈரத்தையும் அளந்து, ஈரம் ஒத்துவரும் வீடுகளை மட்டும் சோடி சேர்த்தால், மிஞ்சுகிற வித்தியாசத்தில் உப்பின் பங்கைத் தேடலாம். இருபது நிமிடம் சொன்னாள், கேட்ட கேள்விக்கு உள்ளேயே நின்று சொன்னாள். கைகள் மேசையில் சும்மா கிடந்தன.

வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் இருந்த மரவாங்கில் பிறெடி சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான்.

"எப்படி?"

"தெரியாது."

"உண்மையிலயே தெரியாதா, இல்ல பழக்கத்துல சொல்றியா?"

சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னாள். பிறெடி பார்சலை மடியில் இறக்கி வைத்துவிட்டு, "சரி. பாக்காம எழுதின சீலைத் தாள்ல இருந்து வெட்டிட்டே. எம்.பில்.னா எம்.பில்.தான், நான் ஊருக்கு விளக்கிச் சொல்றேன்," என்றான். அவனைக் கட்டியதில் ஒரு நாளும் பிழையில்லை என்று அவளுக்குத் தோன்றியது, நீலச் சேர்ட் விஷயம் தவிர.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்து தாரிகா வந்தார். நேரே வந்து டிலக்ஷியின் இரண்டு தோளையும் பிடித்தார். தலைவர் ஏசினார், எழுத்தில் ஒரு கண்டிப்பும் வரும். ஆனால் சித்தி, வைவாவில் தேறிவிட்டாள். ஒரு நிபந்தனை: அந்த உப்புக்காற்று ஆய்வைச் செய்து, கட்டாயம் தீசிஸில் சேர்க்கவேண்டும். பிறெடி பார்சலை வாங்கில் போட்டுவிட்டு, அந்தோனியாருக்கு அங்கேயே நின்று ஒரு சிலுவை அடையாளம் போட்டான்.

எல்லோரும் கலையும்போது கிருஷ்ணராஜ் நடைபாதையில் தயங்கி நின்றார். அறைக்குள் இருந்த மிடுக்கைக் காணவில்லை. பக்கத்தில் வந்து தமிழில் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, ஒரு சின்ன விஷயம். நான் இருக்கிறது வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம். என்ர பிறஷர்க் குளிசை கடதாசிக் கவரிலதான் வாறது. மறக்காம இருக்கிறதுக்கு ஜன்னல் கட்டில வச்சிருக்கிறன், கடலைப் பாத்தபடி."

"எவ்வளவு காலமா சேர்?"

"போன வைவாவுக்கு முந்தி எடுத்து வைக்கத்தான் யோசிச்சனான். நீர் பயப்படத் தேவையில்லை எண்டு அவ்வளவு வடிவாச் சொன்னீர். சரியெண்டு விட்டிட்டன்."

டிலக்ஷி ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். "நீங்க பேராசிரியர், சேர். நான் சொன்னதை எப்படி நம்பினீங்க?"

"குளிசை வயித்துக்குள்ள போனதுக்குப் பிறகுதான் என்ர பாடம். அதுக்கு முந்தி நடக்கிறதெல்லாம் உம்முடைய பாடமல்லோ."

யாரும் பிடிக்காத ஒரே பதில் என்று அவள் பெருமைப்பட்ட பதிலை, ஒரு மனிதர் ஏழு மாதமாகத் தினமும் காலையில் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கே எடுங்கோ சேர். டொக்டரிட்டப் பிறஷரையும் ஒருக்காப் பாருங்கோ."

"பழுதாகியிருக்குமோ?"

"தெரியாது சேர்."

கிருஷ்ணராஜ் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, அங்கேயே நின்று வீட்டுக்கு அடித்தார்.

"இஞ்சேரும், ஜன்னல் கட்டில கிடக்கிற என்ர குளிசைக் கவரை எடுத்து எறியும். ஓம், இப்பவே. புதுசு வாங்கிக்கொண்டு வாறன், மூடியுள்ள போத்தல் ஒண்டு கழுவிக் காயவையும்... என்ன? ஏனோ? இஞ்ச பாமசிப் பிள்ளை ஒண்டு தனக்குத் தெரியாதெண்டு சொல்லுது. அதுதான்."